பஹாமாஸுக்கு 1 கோடிக்கு மேல் வருகை, இதை வளர்ச்சி என்று எழுதலாமா?

அலைமகன்: கரீபியன் தீவுச் சுற்றுலா பற்றிக் கல்லூரிக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்கிறேன். 2024-ல் பஹாமாஸுக்கு 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்திருக்கிறார்கள், நாட்டின் மக்கள்தொகையே 4 லட்சம்தான். ஆனால் விமானத்தில் வந்தவர்கள் சுமார் 17 லட்சம் என்று இருக்கிறது. மீதிப் பேர் கப்பலா?

நங்கூரம்: கிட்டத்தட்ட எல்லாமே கப்பல்தான். காலையில் இறங்கி, கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, சாயங்காலம் ஏறிவிடுவார்கள்; படுக்கையும் சாப்பாடும் கப்பலிலேயே, அதற்கான பணத்தை முன்கூட்டியே கப்பல் கம்பெனியிடம் கட்டிவிட்டார்கள். ஐ.நா. கணக்கில் ஒரு இரவாவது தங்கினால்தான் சுற்றுலாப் பயணி, இவர்கள் ஒருநாள் வருகையாளர்கள். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக தயவுசெய்து எழுதாதீர்கள்.

தென்றல்_கே: அந்த ஒரு நாளும் தலைநகர் நசாவுக்கே கிடைக்கும் என்றில்லை. ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனி 2019-ல் பஹாமாஸின் கோகோ கே தீவை 25 கோடி டாலர் போட்டு நீர்ச்சறுக்கு, நீச்சல்குளம் எல்லாம் வைத்துத் திறந்தது, 2025 ஜூலையில் கார்னிவல் கம்பெனி கிராண்ட் பஹாமா தீவில் செலப்ரேஷன் கீ என்ற தன் துறைமுகத்தைத் திறந்தது. அங்கே உள்ளூர்க்காரர்களுக்கு வேலை உண்டுதான், ஆனால் கடை எது, யாருக்கு இடம் என்பதையெல்லாம் கம்பெனிதான் முடிவு செய்யும். நசா டாக்ஸிக்காரருக்கு அதில் என்ன வரும்?

நங்கூரம்: கேமன் தீவுகளையும் பாருங்கள் தம்பி, ப்ராஜெக்டுக்கு அதுதான் நல்ல எடுத்துக்காட்டு. 2019-ல் கப்பலில் 18 லட்சம் பேர், தங்கியவர்கள் 5 லட்சம். 2024-ல் கப்பல் கூட்டம் 11 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது, தங்குபவர்கள் 4 லட்சத்து 37 ஆயிரம் வரை மீண்டுவிட்டார்கள். அங்கே தலைநகர் ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல் வந்து அணைய துறை கிடையாது, நடுக்கடலில் நிறுத்திவிட்டுச் சிறு படகில் கரைக்கு வர வேண்டும். ஐக்கான் ஆஃப் தி சீஸ் மாதிரி 7,600 பேர் வரை ஏற்றும் கப்பலுக்கு அது சரிப்படாது. துறை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் பொதுத்தேர்தலோடு வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பவளப்பாறை பாழாகும் என்ற கவலை அங்கே பல வருடமாக இருக்கிறது.

கரைவாசி: அதனால் கப்பலே வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். கப்பல் குறைந்தால் முதலில் அடிபடுவது படகுக்காரரும் துறைமுகத்துச் சின்னக் கடைக்காரரும்தான், ஹோட்டல் முதலாளி அல்ல.

அலைமகன்: நன்றி அண்ணா. அப்போது தலைக்கணக்கை விட்டுவிட்டு, எத்தனை இரவு தங்கினார்கள், ஒருவர் கரையில் எவ்வளவு செலவழித்தார் என்று எடுக்கலாமா?

நங்கூரம்: அதையே எடுங்கள். இரண்டு வகைக்கும் தனித்தனி அட்டவணை போடுங்கள், 2020, 2021-ஐ ஒப்பிட வேண்டாம், அப்போது கப்பலே சரியாக ஓடவில்லை.