சிலிண்டரை மூடியும் அலறும் அலாரம்: ஃபியூஸைக் கழற்றிவிடலாமா?

சக்கரவீடு:
காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். கேஸ் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் (எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் மணமற்ற நச்சு வாயு) சேர்த்துக் கண்டறியும் ஒரே டிடெக்டர் அதில் தரையை ஒட்டிய சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது. வெளி மின்சாரத்தில் இணைத்து நிறுத்தியிருக்கும் இரவுகளில் மட்டும், விடிவதற்குச் சற்று முன்பு அது நான்கு முறை கத்தி, சில விநாடிகள் ஓய்ந்து, மறுபடியும் நான்கு முறை கத்துகிறது. இரண்டு புரொப்பேன் சிலிண்டர்களையும் மூடிப் பார்த்தாயிற்று. கேஸில் எரியும் ஹீட்டரான ஃபர்னஸ் ஓடவில்லை, ஃபிரிட்ஜ் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, ஜெனரேட்டர் எங்களிடம் இல்லை. எல்லோரும் வெளியே வந்து கதவு, ஜன்னல்களைத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. எரிவது எதுவுமே இல்லாதபோது இது பொய்யான அலாரம்தானே? டிடெக்டரின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, சிறு பேட்டரியில் ஓடும் தனி கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கம்பிவேலை:
கழற்றலாம், ஆனால் புதியதை மாட்டிய பிறகு. முதலில் டிடெக்டரின் இரண்டு திருகுகளையும் அவிழ்த்து அதன் முதுகைப் பாருங்கள். தயாரித்த தேதி அங்கே அச்சிடப்பட்டிருக்கும். இந்த வகைக் கருவிகளின் ஆயுள், மாடலைப் பொறுத்து, 5, 7 அல்லது 10 ஆண்டுகள்தான். பழைய டிரெய்லர் என்று நீங்களே சொல்கிறீர்கள். முந்தைய உரிமையாளர் அதை மாற்றியிருப்பார் என்று நான் நம்பவில்லை. கேஸைக் கண்டறியும் உணரியைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அது இரவும் பகலும் மின்சாரம் தின்றுகொண்டு உழைக்கிறது. அதோடு தலைமுடி ஸ்ப்ரே, தரை துடைக்கும் திரவம், புது மெத்தையின் பசை வாசனை, சாராய ஆவி என்று எதற்கு வேண்டுமானாலும் அது கத்தும். இரண்டு வேலைகளை ஒரே பெட்டிக்குள் திணித்ததே தவறு என்பது என் கருத்து. தரையருகே ஒரு கேஸ் டிடெக்டர், படுக்கை மட்டத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். தூக்கம் திரும்ப வரும்.

நீலச்சுடர்:
கம்பிவேலை ஐயா சொல்லும் மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. முதல் வேலையாக அதைச் செய்வதைத்தான் எதிர்க்கிறேன். ஆயுள் முடிந்த டிடெக்டர் ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரேயொரு தடவை "கீச்" என்னும். பேட்டரி வோல்டேஜ் மிகவும் இறங்கிப்போனாலும் பெரும்பாலும் அப்படித்தான். நான்கு கத்தல், ஓய்வு, நான்கு கத்தல் என்பதோ கார்பன் மோனாக்சைடுக்கான அபாய ஒலி. மேலும், கதவைத் திறந்தால் அது அடங்குகிறது. கருவி மட்டும் கெட்டிருந்தால் காற்றோட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உள்ளே ஏதோ ஒரு வாயு சேர்கிறது, வெளியேறுகிறது, கருவி அதைச் சரியாகவே பின்தொடர்கிறது.

இன்னொரு தடயத்தையும் கேள்வி கேட்டவரே கொடுத்துவிட்டார்: வெளி மின்சாரத்தில் இணைத்த இரவுகளில் மட்டும். அந்த நேரத்தில் டிரெய்லரில் கூடுதலாக நடப்பது என்ன? வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது. தண்ணீர் ஊற்றும் ஈயம்-அமில பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் கொப்பளிக்கும். கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் மின்வேதி உணரிக்கு ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரித்தறியத் தெரியாது, இரண்டுக்கும் கத்தும். உங்கள் பேட்டரி எங்கே இருக்கிறது? அழுகிய முட்டை நாற்றம் ஏதாவது வருகிறதா?

கம்பிவேலை:
அப்படியே வைத்துக்கொண்டாலும் அது பொய்யான அலாரம் என்றுதானே ஆகிறது? கார்பன் மோனாக்சைடு இல்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்று கத்தும் கருவியை வேறு எப்படி அழைப்பது? நல்ல உணரிகளில் ஹைட்ரஜனின் பாதிப்பைக் குறைத்திருக்கிறார்கள், அதனால்தான் மாற்றச் சொல்கிறேன். பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகை தரையின் ஓட்டைகள் வழியாக நுழைகிறதா என்பதையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். முட்டை நாற்றத்தை மட்டும் நம்பவும் கூடாது. கசிவு தெரிவதற்காகக் கேஸில் கலக்கும் மெர்காப்டான் என்ற வாசனைப் பொருளும் ஏறக்குறைய அதே நாற்றம்தான் அடிக்கும்.

நீலச்சுடர்:
நாற்றங்கள் குழம்பும் என்பது சரியான எச்சரிக்கை, பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். பேட்டரி கொதிக்கும்போது வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை முகர்ந்துவிட்டு, கேஸ் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக்கொண்டிருப்பார்கள். ஆனால் "பொய்யான அலாரம்" என்ற உங்கள் முடிவை ஏற்க முடியாது. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது. ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு. அலாரம் பெயரைத் தவறாகச் சொல்லியிருக்கலாம், ஆபத்தைத் தவறாகச் சொல்லவில்லை. அதன் வாயை அடைத்துவிட்டு, ஹைட்ரஜனைப் பொருட்படுத்தாத ஒரு புதுக் கருவியை மாட்டினால், படுக்கைக்குப் பக்கத்தில் பேட்டரி தொடர்ந்து கொதித்துக்கொண்டிருக்கும், சொல்லத்தான் ஆள் இருக்காது.

தீயணைப்புத் துறையினரை அழைத்து அளக்கச் சொன்னாலும் ஒன்றை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்: அவர்கள் கையிலுள்ள மீட்டரும் பெரும்பாலும் இதே வகை உணரியில்தான் இயங்குகிறது, அதுவும் ஹைட்ரஜனைக் கார்பன் மோனாக்சைடாகக் காட்டக்கூடும்.

மலைப்பாதை:
நேரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. ஏன் எப்போதும் விடியற்காலையில் என்று யாரும் கேட்கவில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒரு அளவைத் தாண்டியவுடன் கத்துவதில்லை. அளவையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. இந்த அலாரங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரமான யூ.எல். 2034-இன்படி, காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் 60 முதல் 240 நிமிடங்களுக்குள்ளும், 150 பங்கு இருந்தால் 10 முதல் 50 நிமிடங்களுக்குள்ளும், 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடங்களுக்குள்ளும் அது ஒலிக்க வேண்டும். எனவே மாலையில் ஜன்னலைச் சாத்திய பிறகு மெல்லச் சேரும் வாயு, அதிகாலையில்தான் கத்த வைக்கும். ஸ்ப்ரே, தரைத் திரவம் போன்றவை காரணமாக இருந்திருந்தால் பயன்படுத்திய சிறிது நேரத்திலேயே சத்தம் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, எங்கள் குழுவில் சிலர் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்துவிட்டு "98 காட்டுகிறது, பயமில்லை" என்று திரும்பப் படுக்கப் போகிறார்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் சாதாரண ஆக்சிமீட்டரால் வேறுபடுத்த முடியாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் யாருக்காவது இருந்தால் விவாதத்தை வெளியே நின்று நடத்துங்கள்.

சக்கரவீடு:
எல்லோருக்கும் நன்றி. பக்கத்தில் வேறு வண்டி எதுவும் நிற்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தைய உரிமையாளர் பேட்டரியை டிரெய்லருக்கு வெளியே முன்னால் நீளும் இழுவைச் சட்டத்தின் மேலிருந்து எடுத்து, முன்பக்கக் கட்டிலுக்கு அடியிலுள்ள சாமான் அறையில் வைத்திருக்கிறார், திருட்டுக்குப் பயந்தாராம். வெளி மின்சாரத்தைத் துண்டித்து, அந்த அறையை நன்றாகக் காற்றோட விட்ட பிறகே கை வைத்தேன். பேட்டரிப் பெட்டியின் பக்கவாட்டு உப்பியிருந்தது. பெட்டியிலிருந்து வெளியே போக வேண்டிய காற்றுக்குழாய் கழன்று, சாமான் அறைக்குள்ளேயே வாய் திறந்து கிடந்தது. பேட்டரியின் மூடிகளைத் திறந்தால் அதன் ஐந்து அறைகளில் (செல்களில்) நீர் தகடுகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஓர் அறை மட்டும் வறண்டிருக்கிறது. வயர்களைக் கழற்றி ஓய்வாக வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 10.4 வோல்ட். இதற்கு என்ன அர்த்தம்?

நீலச்சுடர்:
ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். ஓர் அறை ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். உங்கள் கன்வெர்ட்டர் "இன்னும் நிறையவில்லை" என்று நினைத்து இரவெல்லாம் மின்சாரத்தைத் தள்ளுகிறது, மீதி ஐந்து அறைகள் கொதிக்கின்றன. அதை மறுபடியும் இணைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றவும் முயலாதீர்கள். புது பேட்டரி மாட்டியதும் கன்வெர்ட்டரையும் சோதியுங்கள். பேட்டரி நிறைந்த பிறகு சார்ஜ் வோல்டேஜ் 13.2 முதல் 13.6 வரை இறங்கி நிற்க வேண்டும். பல மணி நேரம் ஆகியும் 14.4-க்குக் கீழே வராவிட்டால் கன்வெர்ட்டரும் போய்விட்டது.

கம்பிவேலை:
பேட்டரிதான் காரணம் என்பதை ஏற்கிறேன், என் பரிந்துரையை விடவில்லை. டிடெக்டரின் தேதியைப் பார்த்தீர்களா? வாரக்கணக்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சுவாசித்த உணரியை நான் என் குடும்பம் தூங்கும் அறையில் நம்பி வைக்க மாட்டேன். சோதனைப் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்று சொல்லாதீர்கள். அது பெரும்பாலான மாடல்களில் ஒலிப்பானையும் மின்சுற்றையும் மட்டுமே சோதிக்கிறது, உணரிக்கு மூக்கு வேலை செய்கிறதா என்பதை அல்ல.

சக்கரவீடு:
தேதி பார்த்தேன். ஆயுள் முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது.

நீலச்சுடர்:
அப்படியிருந்தும் மாற்றுங்கள், இந்த இடத்தில் கம்பிவேலை ஐயாவின் பக்கம்தான் நான். பிரித்து வைக்க வேண்டும் என்பதில் மட்டும் உடன்பாடில்லை. புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் கேஸ் உணரி தாழ்வாக இருந்தே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடோ காற்றுக்குக் கிட்டத்தட்டச் சமமான எடை கொண்டது, சிறிய அறையில் எங்கும் கலந்துவிடும். ஆகவே இந்த வகை டிரெய்லருக்கென்று சான்று பெற்ற கூட்டுக் கருவி தரையருகே இருப்பதில் குறையில்லை. கூடுதலாகத் தனி அலாரம் ஒன்று வைத்தால் நல்லதுதான், வீட்டுக்கென்று செய்ததை வாங்காமல், ஓடும் வண்டியின் அதிர்வுக்கும் குளிர்-வெப்பத்துக்கும் சோதிக்கப்பட்டதாக வாங்குங்கள்.

கம்பிவேலை:
கூட்டுக் கருவியில் ஒரு பாதி கெட்டால் இரண்டையும் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது, அதற்கு இன்னும் பதில் வரவில்லை. டிரெய்லரை நிறுத்தி வைக்கும் மாதங்களில் அது பேட்டரியைக் குடிக்கும் கதை தனி. 0.1 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் பாதி காலி. சக்கரவீடு நண்பரே, ஃபியூஸைக் கழற்ற நியாயமான தருணம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: யாரும் உள்ளே தூங்காதபோது, சிலிண்டர்களை மூடிவிட்டு. திரும்ப மாட்டிய பிறகு கேஸ் உணரி சூடாகச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

சக்கரவீடு:
பேட்டரி இழுவைச் சட்டத்துக்கே திரும்பப் போகிறது, பூட்டுள்ள பெட்டியில். கூட்டுக் கருவி புதியதாக ஒன்று, படுக்கையருகே தனி அலாரம் ஒன்று. கன்வெர்ட்டரின் வோல்டேஜைப் புது பேட்டரி வந்ததும் அளந்து இங்கே எழுதுகிறேன்.