சின்னத் தீவு அணி: பதக்கம் எங்கே கிடைக்கிறது, எங்கே நழுவுகிறது

உறவுகளுக்கு வணக்கம்.

கிளாஸ்கோ 2026 காமன்வெல்த் போட்டிகள் பற்றிப் பேச்சு ஓடும்போது, "ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் நோர்ஃபோக் தீவுக்கு எதற்குத் தனி அணி?" என்று ஒரு கேள்வி வந்தது. காமன்வெல்த் போட்டிகளில் கொடி பிடிக்கத் தனி நாடாக இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கீகாரம் பெற்ற விளையாட்டுச் சங்கம் இருந்தால் போதும். அதனால்தான் ஜெர்சி, குர்ன்சி, மேன் தீவு, செயின்ட் ஹெலினா எல்லாம் தனித்தனியாக அணிவகுக்கின்றன. ஒலிம்பிக்கில் இவற்றுக்கு அந்த இடம் கிடையாது.

அப்படிப் போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். நோர்ஃபோக் இரண்டு வெண்கலம் வென்றிருக்கிறது, இரண்டும் லான் பவுல்ஸ் என்ற பந்து உருட்டும் ஆட்டத்தில்: 1994 விக்டோரியாவில் (கனடா) கார்மென் ஆண்டர்சன், 2018 கோல்ட் கோஸ்டில் ஆண்கள் மூவர் அணி. பசிபிக் தீவு நாடான நவுருவின் பளுதூக்கும் வீரர் மார்கஸ் ஸ்டீபன் 1990 ஆக்லாந்தில் ஒருவராகவே ஒரு தங்கம், இரண்டு வெள்ளி எடுத்தார். அன்றைக்குப் பளுதூக்குதலில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (இரண்டு கட்டமாகத் தூக்குவது), மொத்தம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் நவுருவின் ஜனாதிபதியும் ஆனார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 400 மீட்டர் செயற்கைத் தடம் போடத் தீவில் இடமும் இருக்காது, பணமும் இருக்காது. ஒரு பளுத்தூக்கும் மேடைக்கோ, 10 மீட்டர் துப்பாக்கிக் கூடத்துக்கோ ஒரு கொட்டகை போதும். ஆகவே எந்தெந்த விளையாட்டு பட்டியலில் இருக்கிறது என்பதிலேயே பாதித் தலையெழுத்து முடிந்துவிடும். கிளாஸ்கோவில் 10 விளையாட்டுகள்தான். பவுல்ஸும் பளுதூக்குதலும் உண்டு, துப்பாக்கி சுடுதலும் சாலைச் சைக்கிளோட்டமும் இல்லை. சில தீவுகளுக்கு அதுவே பெரிய அடி.

தடகளத்தில் சின்ன அணியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் காகிதம். ஒரே பையன் 100, 200, தொடரோட்டம் மூன்றுக்கும் பெயர் கொடுத்திருப்பான். 100 மீட்டருக்கு வருகிறேன் என்று இறுதி உறுதி கொடுத்துவிட்டு, தொடை பிடித்ததென்று சும்மா இருந்துவிட்டால், விதிப்படி அந்தப் போட்டித் தொடரின் மிச்ச எல்லாப் பிரிவிலிருந்தும் அவனை நீக்கலாம், தொடரோட்டம் உட்பட. போட்டி மருத்துவரின் சான்று இருந்தால் தப்பலாம். முப்பது பயிற்சியாளர் உள்ள அணியில் இதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். நம் தீவு அணியில் பயிற்சியாளரே மேலாளர், அவரே மசாஜ்காரர், அவரேதான் பையும் சுமப்பவர். உறுதிப்படுத்தும் கெடு முடியும் நேரத்தில் அவர் நீச்சல் குளத்தில் நின்றுகொண்டிருப்பார். கெடு நேரங்களை எல்லாம் ஒரே தாளில் எழுதி வீரர்கள் கையிலும் ஒரு படி கொடுத்துவிடுவதுதான் இதற்கு மருந்து.

4×100 தொடரோட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் தீவு அணிகள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. கோல் (பேட்டன்) கைமாற 30 மீட்டர் வலயம். வாங்குபவர் தன் பாதையில், பின்னால் கொஞ்ச தூரத்தில், ஒரே ஒரு ஒட்டுநாடா அடையாளம் வைக்கலாம். அளவு 5 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் மிகாமல். சுண்ணக்கட்டிக்கு அனுமதி இல்லை. கோல் கொண்டு வருபவர் அந்த நாடாவைத் தாண்டும் கணத்தில் வாங்குபவர் கிளம்ப வேண்டும். தூரத்தைக் குதிகாலும் விரலும் ஒட்ட அடிவைத்து எண்ணுவார்கள், வழக்கமாக இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் வரும்.

பிழை இங்கேதான் புகுகிறது. புல்தரையில் பழகிய 24 அடி, செயற்கைத் தடத்தில் செல்லாது. காலணியின் ஸ்பைக் ஆணி கவ்வுவதால் கிளம்புபவரின் வேகம் மாறும், வருபவரின் வேகமும் மாறும், ஆனால் இரண்டும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. போய் இறங்கியவுடன் முழு வேகத்தில் நான்கைந்து தடவையாவது மாற்றிப் பார்த்துத்தான் புது அளவு எடுக்க வேண்டும். எதிர்காற்று என்றால் வருபவர் தளர்வார், நாடாவை ஓரிரு அடி கிட்டே இழுக்க வேண்டும். இன்னொன்று: கடைசி நேரத்தில் நீளம் தாண்டுபவரையோ 800 மீட்டர்காரரையோ ஆள் மாற்றி இறக்குவது சின்ன அணிக்குச் சகஜம். பெரிய காலின் 24 அடியும் சின்னக் காலின் 24 அடியும் ஒன்றா? மீட்டரில் அளந்து குறித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஓடுபவர் பெயரும் வரிசையும் வீரர்களைக் களத்துக்குக் கூப்பிடும் முதல் அழைப்பு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

காலணியையும் ஊரிலேயே அளந்துவிடுங்கள். 2024 நவம்பர் முதல் தடத்தில் காலணி அடிப்பாகத்தின் தடிமன் 20 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. சாலை ஓட்டத்துக்கு 40 வரை உண்டு. ஒரே ஜோடியை வைத்து இரண்டுக்கும் ஓடப் பார்ப்பவர் மாட்டிக்கொள்வார். செயற்கைத் தடத்தில் ஸ்பைக் ஆணி பெரும்பாலும் 9 மில்லிமீட்டர் வரை, ஒரு காலுக்கு 11 ஆணிக்கு மேல் இல்லை.

பயணம் தனித் தலைவலி. செயின்ட் ஹெலினாவுக்கு 2017 அக்டோபர் வரை பயணிகள் விமானமே இல்லை, கேப்டவுனுக்குக் கப்பலில் ஐந்து நாள். இப்போது விமானம் உண்டு, ஆனால் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான், காற்று மாறினால் அதுவும் தள்ளிப்போகும். கிளாஸ்கோவில் இடமில்லை என்றாலும், வேறு போட்டிகளுக்குப் போகும் துப்பாக்கி சுடுபவர்கள் தோட்டாவை ஆளுக்குப் பெட்டியோடு சேர்த்து 5 கிலோ வரை மட்டுமே, விமான நிறுவனத்திடம் முன்கூட்டி அனுமதி வாங்கி, சரக்கறைப் பையில் கொண்டுபோகலாம். இரண்டு பேர் பங்கை ஒரே பெட்டியில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழியில் ஓர் இரவு தங்கிப் பெட்டியை வெளியே எடுக்க நேர்ந்தால், அந்த நாட்டின் ஆயுத அனுமதியும் வேண்டும். இதை யாரும் முன்னால் யோசிப்பதில்லை.

மருந்து விஷயம். சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் (மூக்கடைப்பு மருந்து, போட்டி நேரத்தில் தடை உண்டு) இருக்கிறதா என்று பாருங்கள். போட்டி நேரத் தடை முந்தின நாள் இரவு 11:59க்கே தொடங்கிவிடும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பூட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமும், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமும் தாண்டக் கூடாது. இன்னொரு ஆஸ்துமா மருந்தான டெர்பூட்டலின் என்றால், மருத்துவக் காரணத்துக்கான அனுமதிச் சான்று கட்டாயம், போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே மருந்துக்கடை உள்ள தீவில் வழக்கமான மருந்து தீர்ந்து வேறொன்றைக் கொடுத்துவிடுவார்கள். பெட்டி மாறினால் உள்ளே இருக்கும் சரக்கும் மாறியிருக்கலாம், சீட்டைப் படித்த பிறகே வாயில் போடச் சொல்லுங்கள்.