பெர்கோவின் சின்னத்தில் ஏணி எதற்கு?

வடகரை:
பிரிட்டன் மக்களவையின் சபாநாயகராக இருந்த ஜான் பெர்கோவின் மரபுச் சின்னத்தில் (coat of arms) உள்ள ஏணி வெறும் தற்பெருமை என்று இங்கே ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டார். எரிச்சலாக இருக்கிறது. அவருடைய அப்பா டாக்ஸி ஓட்டியவர். அந்த வீட்டுப் பிள்ளை சபாநாயகர் நாற்காலி வரை ஏறியதைத்தான் 2011இல் வாங்கிய அந்தச் சின்னத்தின் ஏணி சொல்கிறது. இதில் என்ன குற்றம்?

செம்மண்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கீழே 'எல்லோரும் சமம்' என்று எழுதிவிட்டு மேலே ஏணி வரைந்தால் என்ன அர்த்தம்? மேல்படி கீழ்ப்படி இல்லாத ஏணி எங்கே இருக்கிறது? அதுவும் அவருடைய உருவப்படம், அதன் சட்டகம், சின்னம் எல்லாம் சேர்த்து 37,000 பவுண்டு, மக்கள் பணம்.

வடகரை:
ஏணியையே பிடித்துத் தொங்காதீர்கள். அந்த வாசகத்தைச் சுற்றி வானவில் நிறமும் இளஞ்சிவப்பு முக்கோணங்களும் இருக்கின்றன, பார்த்தீர்களா? நாஜி வதைமுகாம்களில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களின் சட்டையில் தைத்த அடையாளம் அது. அவமானக் குறியாக இருந்ததை ஒரு சபாநாயகர் எடுத்துத் தன் சின்னத்தில் பெருமையாக வைத்துக்கொண்டார். சமம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

செம்மண்:
முக்கோணத்தை நான் குறை சொல்லவே இல்லை. ஏணிக்குப் பதில் சொல்லுங்கள்.

நடுவாசல்:
சின்னத்தில் இருக்கும் வட்டங்கள் டென்னிஸ் பந்துகளாம், வளைந்த வாள்கள் அவர் படித்த எசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காகவாம். டென்னிஸ் ஆடுவதெல்லாம் மரபா?

வடகரை:
ஏன் கூடாது? பிரபுக்கள் சிங்கத்தையும் கழுகையும் போட்டுக்கொண்டபோது வீட்டில் சிங்கமா வளர்த்தார்கள்? இவர் உண்மையிலேயே டென்னிஸ் ஆடியவர். அப்புறம் செம்மண், மேல்படி கீழ்ப்படி என்கிறீர்களே, ஏணி யார் வேண்டுமானாலும் ஏறக்கூடியது. பிறப்பால் பட்டம் வாங்குகிறவனுக்கு ஏணியே தேவையில்லை.

செம்மண்:
இளமையில் மண்டே கிளப் என்ற தீவிர வலதுசாரி அமைப்பில் இருந்து, குடியேறியவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்ன கூட்டத்தோடு நின்றவர் அவர். அந்தப் படி சின்னத்தில் எங்கே?

வடகரை:
அதை விட்டு விலகி, தப்பு என்று அவரே சொல்லிவிட்டார். உங்களுக்குப் பழசைத் தோண்டுவதே வேலை. போன மாதம் கொடிச் சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள்.

செம்மண்:
கொடிச் சண்டையில் பாதியில் ஓடியது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

நடுவாசல்:
டென்னிஸ் பந்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

வடகரை:
சொல்லியாகிவிட்டது, மேலே படியுங்கள். செம்மண், ஓடவில்லை, ஊரில் இல்லை. கொடி விஷயத்தையும் இப்போதே பேசலாம், வாருங்கள்.