இருவாச்சிக் கூட்டுக்குக் கீழே

வனவிலங்கு ஆய்வாளர் என்றதும் "தினமும் புலி பார்ப்பீர்களா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆனைமலையில் என் முதல் வருடம் பெரும்பாலும் ஒரே மரத்தைப் பார்த்தபடி போனது. அதன் பொந்தில், பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையின் பெட்டை ஒன்று அடைகாத்தது. உள்ளே போனதும் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும்; அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் இருக்கும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஆண் கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு. எத்தனை நடை வந்தது, என்ன பழம் கொண்டுவந்தது என்று விடியலிலிருந்து குறிப்பது என் வேலை.

ஒருநாள் நல்ல படம் கிடைக்குமே என்று மறைவிலிருந்து கொஞ்சம் நகர்ந்துவிட்டேன். தலைக்கு மேல் கனத்த சிறகுச் சத்தம் வந்து, அப்படியே திரும்பிப் போனது. இரண்டு மணி நேரம் ஆண் வரவே இல்லை. கூட இருந்த காடர் பழங்குடி அண்ணன் திட்டவில்லை. "உள்ள இருக்கிறதுக்குப் பசிக்கும் பாப்பா, வா போயிடலாம்" என்றார். அன்றைய தாளில் "எங்களால் கெட்டது" என்று எழுதி, கணக்கில் சேர்க்காமல் விட்டோம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மரத்தடியில் விழும் கொட்டைகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். காட்டுச் சாதிக்காய், குங்கிலியம் என்று பொறுக்கிக் காட்டி, பறவை எந்தப் பக்கம் மேய்ந்துவிட்டு வந்தது என்பதையும் சொல்லிவிடுவார். இப்போது எஸ்டேட் பள்ளிகளுக்குப் போனால் படம் காட்டுவதைவிட அந்தக் கொட்டைகளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதே அதிகம். முளைக்கப் போட்டுவிட்டு, அடுத்த முறை போகும்போது என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள்.

*

அக்கா, உங்கள் இருவாச்சிக் கதையைப் படித்தேன். நான் வால்பாறைப் பிள்ளை. எனக்கு ஆய்வாளர்கள் என்றால் யானைதான் நினைவுக்கு வரும். இங்கே யானையிடம் மாட்டி இறந்தவர்களில் பெரும்பாலோர், அது நிற்பது தெரியாமலே பக்கத்தில் போனவர்கள். ஆய்வாளர்கள் பல வருடம் கணக்கெடுத்து இதைக் கண்டுபிடித்த பிறகுதான், யானை எங்கே நிற்கிறது என்று போனுக்குக் குறுஞ்செய்தி வர ஆரம்பித்தது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்கும் வைத்தார்கள். யானை ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் அது மின்னும். விளக்கை ஏற்றுவதற்கு ஒரு போன் போட்டால் போதும். எங்கள் லயனில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், அந்தப் பொறுப்பு பக்கத்து வீட்டு மாமாவுக்கு.

ஒரு ராத்திரி கடைசி பஸ்ஸில் இறங்கிய அப்பா, விளக்கைப் பார்த்துவிட்டு டீக்கடைத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார். விடிந்ததும் நானும் போனேன். அவர் வழக்கமாக வரும் குறுக்குப் பாதையில் யானை லத்தி இன்னும் ஈரமாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு குட்டியின் காலடி, என் கையகலம்தான் இருந்தது.