இரண்டு கைபேசிகளை எதிரெதிரே வைத்தும் ஊளை நிலைக்கவில்லை: உதவி தேவை

மூங்கில்காடு: ஒரு கைபேசியிலிருந்து மற்றொன்றை அழைத்து, இரண்டின் ஸ்பீக்கரையும் போட்டு எதிரெதிரே வைக்கும்போது, ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் புகுந்து சுற்றிச்சுற்றிப் பெருகி எழும் ஊளையைக் கொண்டு ஓர் இசைத்துண்டு அமைக்கிறேன். ஒரு நொடி கீச்சென்று எழுந்து உடனே அடங்கிவிடுகிறது. நாளை மாலை நிகழ்ச்சி இருப்பதால் விரைந்து உதவுங்கள்.

நீலத்திரை: சாதாரண அழைப்பா, செயலி வழி அழைப்பா? எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்?

கரித்தூள்: பேட்டரி சேமிப்பு முறை ஒலியைக் குறைக்கிறது என்பது என் கணிப்பு. எனக்கு ஒருமுறை அப்படித்தான் நேர்ந்தது.

தாமிரக்கம்பி: பேட்டரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அடிப்படையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் அனைவருக்கும் நேரம் மிச்சமாகும். எதிரொலியைக் கழிப்பதற்கும், நீடித்து ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சலாகக் கருதி அடக்குவதற்கும் கைபேசியில் மென்பொருள் உண்டு. நீங்கள் வளர்க்க நினைக்கும் ஒலியைத்தான் அது ஒழிக்கிறது. ஒரு மிக்ஸரை (பல ஒலிகளைக் கலக்கும் கருவியை) வாங்கி, அதன் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகுங்கள். ஜப்பானியக் கலைஞர் தோஷிமாரு நாகமுரா வெளியிலிருந்து எந்த ஒலியையும் கொடுக்காமல் அவ்வாறே வாசிக்கிறார்.

நீலத்திரை: காரணம் சரி, தீர்வு சரியில்லை. கேட்டவர் வீட்டுக் கருவிகளைக் கொண்டு இசைக்க விரும்புகிறார். மேலும், கம்பிக்குள்ளேயே சுற்றும் ஒலியில் அறைக்குப் பங்கில்லை. ஒலி 34 செ.மீ. கடக்க ஏறத்தாழ 1 மில்லிநொடி ஆகிறது. மைக்கைக் கையளவு நகர்த்தினாலே ஒலி சுற்றிவரும் நேரம் மாறி, சுரமும் மாறிவிடும்.

தாமிரக்கம்பி: மிக்ஸரில் கீழ், மேல் சுரங்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் குமிழைத் திருப்பினாலும் சுரம் மாறும், அதுவும் கட்டுப்பாட்டுடன். அறையை நம்பினால் அதே சுரம் மறுபடி கிடைக்காது.

நீலத்திரை: மறுபடி கிடைக்காத அந்தச் சுரத்துக்காகவே நான் இதைச் செய்கிறேன்.

வெள்ளித்தகடு: கைபேசியை விட்டுவிட்டு, மைக் செருகும் பழைய கரோக்கிப் பெட்டி இருந்தால் எடுங்கள், அதில் அடக்கும் மென்பொருள் இருக்காது. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். 100 மில்லிநொடிக்கும் மேல் தாமதமாவது வழக்கமாதலால், தொடர் ஊளைக்குப் பதிலாக விட்டுவிட்டுத் துடிக்கும் ஒலியே வரும். ஒலியளவைச் சுழியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஹெட்போனில் கேட்கவே கேட்காதீர்கள், ஊளை திடீரென உச்சத்துக்குப் போய்ச் செவியைக் கெடுக்கும்.

கரித்தூள்: ஆனாலும் பேட்டரி சேமிப்பை ஒருமுறை அணைத்துப் பார்க்கலாம்.

மூங்கில்காடு: சாதாரண அழைப்புதான். அத்தை வீட்டுக் கரோக்கிப் பெட்டியில் ஊளை நிலைத்தது. மைக்கை எவர்சில்வர் குவளைக்குள் இறக்கியதும் சுரம் மாறியது. நன்றி, ஒத்திகைக்குச் செல்கிறேன்.