பார்ட்டிஷனுக்குப் பாத்தி போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கான செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஹார்ட் டிஸ்கில் விண்டோஸை அழிக்காமல் உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டுக்கொள்வது எப்படி என்பதுதான் பாடம். அதற்கு டிஸ்கின் இடத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும்; அப்படி ஒரு பகுதிதான் பார்ட்டிஷன். அதற்குத் தமிழ்ச்சொல் முடிவாகாததால் தாளில் அது வரும் இடமெல்லாம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. நீங்கள் சொன்ன சொற்களைப் பார்ப்போம்.

கீழக்கரை அண்ணன் சொன்ன 'பகிர்வு' இப்போது வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதற்குப் போய்விட்டது. 'பிரிவினை' என்றால் பிள்ளைகளுக்கு 1947, பெற்றோருக்குச் சொத்துத் தகராறு. தேவிபட்டினத்து ஐயாவின் 'பாதீடு' அழகான சொல். வெட்சித் திணையில், கவர்ந்த ஆநிரையைப் பங்கிடுவது. ஆனால் இலங்கைத் தமிழர் அதைப் பட்ஜெட்டுக்கு எடுத்து வெகுநாளாயிற்று.

நான் 'பாத்தி' என்றே சொல்வேன். 'பாத்தூண் மரீஇ' என்ற குறளில் பாத்து என்பது பகுத்து என்பதுதான். பாத்தியும் அந்த வேரே. வாலிநோக்கம் பக்கத்துப் பிள்ளைகள் உப்பளப் பாத்தியைப் பார்த்தே வளர்கிறார்கள். சொல் நன்றாகக் கிளைக்கவும் செய்கிறது. எந்தப் பாத்தி எங்கே என்று டிஸ்கில் குறித்து வைக்கும் பழைய முறையான எம்பிஆரில் முதன்மைப் பாத்தி நான்குக்கு மேல் கூடாது. மேலும் வேண்டுமென்றால் ஒன்றை விரிபாத்தியாக்கி அதற்குள் உள்பாத்திகள் கட்டலாம். புதிய முறையான ஜிபிடியில் வழக்கமாக 128 வரை போகலாம். விண்டோஸுக்கான இடத்தைச் சுருக்குவது வரப்பைத் தள்ளுவது. வினைச்சொல்லும் கையோடு இருக்கிறது: பாத்தி கட்டு. நேர் மொழிபெயர்ப்பான 'வட்டுப் பகுப்பு'க்கு இவ்வளவு குடும்பம் கிடையாது.

மண்டபத்துத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. உப்புப் பாத்தியில் மடையைத் திறந்தால் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகும், டிஸ்கில் எங்கே போகிறது என்கிறார். போகிறது தம்பி. உபுண்டுவில் இருந்துகொண்டே விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸில் உள்ள பாத்தியை மவுன்ட் செய்து, அதாவது இணைத்துத் திறந்து, கோப்பு எடுக்கிறோமே, அது மடை திறப்பதுதான். விண்டோஸ் தானாக உபுண்டுவின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4-ஐப் படிக்காது. அந்தப் பக்கம் மடை இல்லை, அவ்வளவே. மவுன்டுக்கு 'மடை திற' என்று வைக்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது, அதை அப்புறம் பேசுவோம்.

கணினியைத் தொடங்கும்போது இரண்டு இயங்குதளங்களில் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் டூயல் பூட்டுக்கு ஐயா சொன்னபடி 'இரட்டைத் தொடக்கம்' என்றே போடுகிறேன். துவக்கமா தொடக்கமா என்ற வழக்கை இந்தத் தாளுக்காக இழுக்க வேண்டாம்.

வியாழன் மாலைக்குள் இதைவிட நல்ல சொல் வராவிட்டால் பாத்திதான். திரையில் பார்ட்டிஷன் என்றே வரும் என்பதால் முதல் பக்கத்தில் அதையும் சேர்த்து எழுதுவேன். அண்ணனுக்கு இதில் உடன்பாடில்லை, பாத்தி வயலோடு நிற்கட்டும் என்கிறார். அவர் வகுப்பில் பகிர்வு என்றே நடத்தட்டும். ஆனால் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டுத்தான் டிஸ்கில் கை வைக்க வேண்டும் என்ற வரி இரண்டு தாளிலும் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும்.