மருந்து ஆய்வு முடிந்த பிறகும் அதே மருந்து கிடைக்குமா? அனுபவப்பட்டவர்கள் உதவவும்

வணக்கம். முடக்குவாத மருந்து ஆய்வில் இருக்கும் ஒரு நோயாளிக்காகக் கேட்கிறோம். ஆய்வு அடுத்த மாதம் முடிகிறது. மருந்து கேட்கிறது, மூட்டு வீக்கம் வடிந்திருக்கிறது. ஆனால் அது இன்னும் கடைக்கு வரவில்லை. காசு கொடுத்தாலும் கிடைக்காது. காப்பீடும் கைகொடுக்காது, ‘நிரூபிக்கப்படாத சிகிச்சை’ என்று பாலிசியிலேயே விலக்கி வைத்திருப்பார்கள்.

மிச்சமிருப்பது 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளின் 27-ஆவது விதி. ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு (ஆய்வில் நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழு) ஒப்புக்கொண்டால், ஆய்வை நடத்தும் நிறுவனம் மருந்தை இலவசமாகத் தர வேண்டும். பின்விளைவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று நோயாளி எழுதிக் கொடுக்க வேண்டும் (கையெழுத்திடுமுன் இதை நன்றாக யோசிக்கவும்). இடறுவது ‘மாற்று சிகிச்சை இல்லை’ என்ற நிபந்தனையில்தான். முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து இவருக்குப் பலிக்கவில்லை, ஆனால் அது கடையில் இருக்கிறதே என்று மனுவைத் திருப்பிவிடலாம்.

27-ஆவது விதியில் மருந்து வாங்கியவர்கள் உண்டா? பழைய மருந்துகள் பலிக்காததைக் காட்ட எதை இணைத்தீர்கள்: இஎஸ்ஆர், சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள்) முடிவுகள் போதுமா, வீங்கிய, வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கைக் குறிப்பும் கேட்டார்களா? கடைசி டோஸுக்கு எத்தனை வாரம் முன்பே மனு கொடுத்தீர்கள்? மனு நகல் இருந்தால், பெயர்களை மறைத்துப் பகிருங்கள்.